பிரதிவாதிக் காளி

எங்கள் இரண்டு குடும்பங்களும் மூன்று வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இஞ்சிப் பச்சடி. சொன்னால் சிரிப்பார்கள் என்று இத்தனை காலம் வாயைத் திறக்காமல் இருந்தேன். இப்போது சிரித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது முக்கூடல். அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்து சில வருடம் கழித்து அங்கே என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் மறுவீட்டுச் சாப்பாடு என்றால் சொதிதான். தேங்காய்ப் பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டு வைக்கிற குழம்பு. ருசியில் குறை சொல்ல முடியாது, ஆனால் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே யோசிக்கும். அதனால் கூடவே இஞ்சிப் பச்சடி வைத்தாக வேண்டும். இஞ்சி இல்லாமல் சொதி வைத்தவர்களைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு தலைமுறைக்குப் பேசுவார்கள்.

என் மறுவீட்டன்றைக்கு மாமனார் வீட்டில் இஞ்சியைக் காணோம்.

அப்பா இலையில் உட்கார்ந்து, ஒரு சுற்றுச் சாப்பிட்டு, கையை அப்படியே நிறுத்தினார். இலையின் நாலு மூலையையும் பார்த்தார். "இஞ்சி எங்க?" என்றார். அவர் மெதுவாகப் பேசினாலே ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மாமனார், "இந்தா வருது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருடைய வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை. "செரிமானம் ஆவாதவுகளுக்குத்தான் இஞ்சி வேணும். எங்க வீட்டுல அப்படி ஆளு கெடையாது" என்றார்.

அப்பா இலையை மூடாமல் எழுந்துவிட்டார். வாசற்படியைத் தாண்டி, தெருவில் நின்று, முறுக்கு மீசையை ஒரு தடவை தடவிவிட்டுச் சொன்னார்: "இனி இந்தப் படிய மிதிச்சேன்னா என்னைய வேற பேரு சொல்லிக் கூப்பிடும்வே!"

உள்ளேயிருந்து மாமனார் பதில் சொன்னார்: "நானும் சொல்லுதேன். உம்ம மூஞ்சியில இனி முழிச்சா நான் மனுசனே இல்ல!"

என் புருஷன் அந்த நேரத்தில் பாயச வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முனிசீப்புக் கச்சேரியில் வழக்குகளுக்கு நகல் எழுதுகிற குமாஸ்தா. ஊரார் சண்டையையெல்லாம் நாள் முழுக்க எழுதி எழுதி, வீட்டில் ஒரு சண்டை வந்தால் அதையும் யாரோ எழுதிக்கொள்வார்கள் என்று இருந்துவிடுவார். அன்றும் பாயசத்தை அடுத்த இலைக்கு ஊற்றப் போய்விட்டார். எனக்குக் கல்யாணம் ஆகி முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை.

வாயில் வந்த வார்த்தைதானே, ஆறு மாதத்தில் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. நான் உண்டானபோது தலைப்பிரசவத்துக்கு என்னை முக்கூடலுக்கு அனுப்ப மாமனார் மறுத்துவிட்டார். அப்பாவும் வந்து கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? படியேற முடியாதே! அம்மா மட்டும் மாட்டுவண்டியில் வந்து, கொல்லைவாசல் வழியாக நுழைந்து, என் மாமியாரோடு அடுப்படியில் உட்கார்ந்து ஒரு பாடு அழுதுவிட்டுப் போவாள். பெண்கள் யாரும் சபதம் போடவில்லை என்பதால் அவர்களுக்கு வழி திறந்திருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. பிறந்த மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் கண்டு நினைவு தப்பிப்போனது. பிழைக்க மாட்டேன் என்று முக்கூடலுக்குச் செய்தி போயிற்றாம். அந்தச் சமயத்தில்தான் அம்மா கடற்கரை ஊர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். மகள் பிழைத்தால் தசராவுக்குக் காளி வேஷம் கட்டி, ஏழு வீட்டில் அரிசி தருமம் எடுத்துக் கோயிலில் சேர்ப்பதாக. வேஷம் கட்டப்போவது அவள் இல்லை, அப்பா.

இதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒருத்தருக்காக இன்னொருத்தர் நேர்ந்துகொள்வது சாதாரணம். புருஷன் தலைமுடியைப் பெண்டாட்டி நேர்ந்துவிடுவாள், அவன் மொட்டையடிக்கிற அன்றைக்குத்தான் அவனுக்கே தெரியும். ஆனால் என் அப்பாவுக்கு வேஷம் என்றாலே ஆகாது. அதற்குக் காரணம் உண்டு.

தசரா வேஷத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. கையில் காப்புக் கட்டி மூஞ்சியை மாட்டிவிட்டால் அந்த ஆளுக்குப் பழைய பேர் கிடையாது. முகமூடி என்று இப்போது எழுதுகிறார்கள், நாங்கள் மூஞ்சி என்றுதான் சொல்வோம். குரங்கு மூஞ்சி கட்டியவன் குரங்கு, போலீஸ் மூஞ்சி கட்டியவன் போலீஸ். அவன் 'ஏலே' என்றால் நீங்கள் 'ஐயா' என்று சொல்ல வேண்டும். காப்பு அவிழ்த்த பிறகு அதைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடக்கூடாது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு வருடம் எங்கள் வயலில் ஏர் பிடிக்கிறவர் போலீஸ் வேஷம் கட்டி வந்தார். மற்ற நாட்களில் கொல்லைவேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிறவர், அன்று நேராக முன்கட்டுக்குள் வந்து, நார்க்கட்டிலில் உட்கார்ந்து, "ஏலே, வேலையாளுக்குக் கஞ்சி நேரத்துக்கு ஊத்துதியாலே?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "ஊத்துதேன் ஐயா" என்றார். அடுத்த வாரத்திலிருந்து கஞ்சி நேரத்துக்குப் போனது. யாரும் எதுவும் பேசவில்லை.

ஒரு மனிதன் இன்னொரு மனிதன் வீட்டுக்குள் வருவதற்கு வருடத்தில் பத்து நாள் காகிதத்தில் செய்த முகம் வேண்டியிருந்தது. அன்று அதைப் பார்த்து நான் கைகொட்டிச் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்பாவுக்கோ அன்றைக்கே சிரிப்பு வரவில்லை, அதிலிருந்து தசரா வந்தால் தலைவலி என்று படுத்துக்கொள்வார்.

குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது அம்மை போட்டது. லேசாகத்தான், ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. ஆனால் அம்மா அந்த வாரத்தை விடவில்லை. அப்பாவின் முன்னால் போய் நின்று நேர்ச்சையைச் சொல்லிவிட்டாள்.

"என்னக் கேக்காம எனக்கு நேந்தா அது எப்படிச் செல்லும்?" என்று அப்பா குதித்தாராம். "கையெழுத்துப் போடாத பத்திரம் செல்லுமா?"

"அம்மன்கிட்ட சொன்ன வார்த்தைக்கு எதுக்குக் கையெழுத்து? அவ வந்து கையெழுத்தாக் கேட்டா? அம்மையாத்தான் கேட்டா."

"நான் காளி வேஷம் கட்டிட்டுத் தெருத்தெருவா அரிசி கேக்கவா?"

"ஏழு வீடுதான். அதுலயும் ஒரு வீடு பேச்சுவார்த்த இல்லாத வீடா இருக்கணும்னு நேந்துருக்கேன்."

எங்கள் அப்பாவுக்கு ஊரில் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள் பல உண்டு. ஆனால் அம்மா எந்த வீட்டைச் சொல்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். கடைசியில், "படியேற மாட்டேன்னு சொல்லிட்டேனே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு வழி சொல்லு என்று கேட்கிற மாதிரி சொன்னார் என்று அம்மா பிறகு என்னிடம் சொன்னாள்.

"வேற பேரு சொல்லிக் கூப்பிடச் சொல்லித்தான சொன்னிய? காப்புக் கட்டினா ஒங்க பேரு காளிதான?" என்றாள் அம்மா. "அவுக ஒங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொன்னாவ. மூஞ்சி போட்டுட்டுப் போனா ஒங்க மூஞ்சியவா பாப்பாவ?"

முனிசீப்புக் கச்சேரியில் இவளை உட்கார வைத்திருக்க வேண்டும்.

மூஞ்சி செய்கிறவர் எங்கள் ஊரிலேயே இருந்தார். பத்து மாதம் பானை வனைவார், இரண்டு மாதம் மூஞ்சி. களிமண்ணில் அச்சுப் போட்டு, ஊறவைத்து இடித்த காகிதக் கூழைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்து அப்பி, காய்ந்ததும் கழற்றி, உள்பக்கம் முகத்தை அராவாமல் இருக்க எழுதிக் கழித்த முழுத்தாளை ஒட்டுவார். அப்பா முதலில் அவரிடம் போய் கௌரவமான மூஞ்சி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாராம். ராஜா மாதிரி, இல்லாவிட்டால் ரிஷி மாதிரி.

"அண்ணாச்சி, காளின்னு நேந்துட்டு ரிஷியாப் போனா அம்மனுக்கு அடையாளம் தெரியாது" என்று அவர் சொல்லிவிட்டார். வேலை செய்துகொண்டே மூஞ்சியின் பூர்வோத்திரத்தையும் சொன்னாராம். "எங்க தாத்தா காலத்துல கமுகம் பாளையில மூஞ்சி. கண்ணுக்கு ரெண்டு ஓட்ட, அம்புட்டுதான். அதுக்கு முந்தி சொரக்குடுக்க. கச்சேரியும் பள்ளிக்கூடமும் வந்த பொறவுதான் ஊருல காயிதம் மிச்சமாச்சு. காயிதம் மிச்சமான பொறவுதான் காளிக்குக் கன்னம் வந்துது."

அப்பா நாக்கைப் பார்த்து முகம் சுளித்தார். ஒரு முழத்துக்குச் சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "நாக்கு இம்புட்டு நீளம் வேணுமா?"

"நாக்குக் கொஞ்சம் நீளந்தான் அண்ணாச்சி. அதனாலதான இம்புட்டும்" என்றார் அவர், தலையை நிமிராமல்.

ஊருக்கே இஞ்சிக் கதை தெரியும்.

மூஞ்சியை மாட்டிப் பார்த்தபோது சரியாக உட்காரவில்லை. முறுக்கு மீசை இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு, காளியின் கன்னம் அந்தரத்தில் நின்றது. மூஞ்சியைப் பெரிதாக்க நேரம் இல்லை. "மூஞ்சி ஆளுக்குப் பொருந்தாது அண்ணாச்சி. ஆளுதான் மூஞ்சிக்குப் பொருந்தணும்" என்று செய்தவர் சொல்லிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தானே கத்தியை எடுத்து மீசையை மழித்துவிட்டார். யார் செத்ததற்கும் எடுக்காத மீசை அது. அம்மா அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்காமலே சோறு போட்டாளாம், சிரித்துவிடுவோம் என்று பயந்து.

விரதத்திலும் ஒரு சங்கடம் வந்தது. கறி, மீன் தொடக்கூடாது என்பதுதான் வேஷக்காரர்களின் விரதம். எங்கள் வீட்டில் அதைத் தொட்டவர்களே கிடையாது, அப்புறம் அது என்ன விரதம்? அம்மா யோசித்து வெற்றிலையை நிறுத்தினாள். அப்பாவுக்கு மீசை போனதைவிட அதுதான் பெரிய தண்டனை.

காப்புக் கட்டி வேஷக் கூட்டம் புறப்பட்டது. ஒரு குரங்கு, ஒரு கரடி, ஒரு குறத்தி, எங்கள் அப்பாவாகிய காளி. கூட்டத்துக்கு யார் தலைவர் என்பதையும் வேஷம்தான் முடிவுசெய்யும். எத்தனை வருடம் கட்டியிருக்கிறார் என்பதுதான் கணக்கு. பதினெட்டாவது வருடமாகக் கட்டியவர் அந்த ஏர் பிடிக்கிறவர், வழக்கம்போலப் போலீஸ். அப்பா முதல் வருடம், அதனால் கடைசி ஆள், கரடிக்கும் பின்னால்.

அப்பாவுக்கு அரிசி கொடுத்துத்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை. முதல் வீட்டு வாசலில் நின்று, "ஏ, யாரு உள்ள? அரிசியக் கொண்டா!" என்று அதட்டியிருக்கிறார். அந்த வீட்டுக்காரி பயந்து கதவைச் சாத்திவிட்டாள். போலீஸ் பக்கத்தில் வந்து, "பைய, தாயி, பைய. நாம கேக்க வந்துருக்கோம், வசூல் பண்ண வரல" என்று சொல்லிக்கொடுத்தார். ஆறு வீட்டுக்குள் அப்பா கேட்கப் பழகிவிட்டார். அந்த ஆறு வீட்டில் கற்றது ஆயுசுக்கும் போதும் என்று பிற்காலத்தில் ஒரு தடவை சொன்னார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

ஏழாவது வீடு எங்கள் வீடு.

அம்மா முன்னாலேயே என் மாமியாரிடம் சொல்லியிருந்தாள், மாமியார் என்னிடம் சொன்னாள், நான் என் புருஷனிடம் சொன்னேன், அவர் வழக்கம்போல யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் மாமனாருக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று காலையிலேயே குளித்து, திருநீறு பூசி, சலவை வேட்டி கட்டி, முன்கட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். "யாரோ வேஷக்காரவுக வாராகளாம்" என்று பொதுவாகச் சொன்னார். "வந்தா வரட்டும். நமக்கென்ன?" பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தெருவை எட்டிப் பார்த்தார்.

இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு தூணோரம் நின்றேன். அப்பா இவளை இன்னும் பார்த்ததில்லை. இன்று அவர் படியேறாமல் திரும்பினாலோ, மாமனார் ஏதாவது குத்திச் சொல்லிவிட்டாலோ, இனி ஒரு காலத்திலும் பார்க்கப்போவதில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் இரண்டு பேரும் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியும்.

கொட்டுச் சத்தம் தெருமுனையில் கேட்டது. குரங்கு முதலில் வந்து படியில் ஒரு குட்டிக்கரணம் போட்டது. கரடி வந்தது. குறத்தி வந்தாள். காளி வரவில்லை. கறுப்புச் சேலையும் செம்பருத்தி மாலையும் ஒரு முழ நாக்குமாகத் தெருவிலேயே நின்றது, ஒரு காலை மட்டும் தூக்கி, படிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வைத்துக்கொண்டு. கொக்கு மீனைப் பார்த்து நிற்கிற மாதிரி அப்பா நின்றார். கொட்டுக்காரன்கூட அடிப்பதை நிறுத்திவிட்டான்.

போலீஸ் திரும்பிப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார்: "ஏ காளி! ஏறு!"

வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டாகிவிட்டது. அப்பாவின் கால் கீழே இறங்கியது, படியின்மேல்.

மாமனார் கையைக் கூப்பினார். தரையைப் பார்த்துக்கொண்டே, "வா தாயே. எந்த ஊரு?" என்றார்.

"முக்கூடல்" என்றது காளி. அந்தக் குரலைக் காகிதக் கன்னம் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த தெருவில் கேட்டிருக்கும்.

"முக்கூடலா! அங்கன எனக்கு வேண்டிய ஒருத்தரு உண்டு. சொகமா இருக்காரா?"

"இருக்காரு." காளி கொஞ்சம் யோசித்தது. "அம்பாசமுத்திரத்துல ஒரு வீட்டுல சொதிக்கு இஞ்சி வைக்க மாட்டாவளாமே, அந்த வீடு எங்கன இருக்குன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

செத்தோம் என்று நினைத்தேன். என் புருஷன் பின்கட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

மாமனாரின் காது சிவந்தது. ஆனால் முன்னால் நிற்பது காளி. காளியிடம் வம்பு பேச முடியாது, தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "தாயே, அந்த மனுசனப் பாத்தா சொல்லு" என்றார். "இஞ்சி அர வீச வாங்கியாச்சு. கழுவியும் வச்சாச்சு. சமையக்காரன் அரைக்க மறந்துட்டான். எல போட்ட பொறவுதான் எனக்கே தெரியும். கேட்டவரு காதோட காதாக் கேட்டிருந்தா காதோட காதாச் சொல்லிருப்பேன். பந்தி பூராக் கேக்க கேட்டாரு, அந்த ஆத்திரத்துல வாயில வந்ததச் சொல்லிட்டேன்."

மூன்று வருடமாக என் மாமியாருக்குக்கூடச் சொல்லாத சங்கதி இது. காளியின் நாக்கு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் என் மகள் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கிவிட்டாள். போலீஸைப் பார்த்து அழுதவள், கரடியைப் பார்த்து அலறியவள், தத்தக்காபித்தக்கா என்று நேராகக் காளியிடம் போனாள். போய் அந்தச் சிவப்பு நாக்கைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். அப்பா குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டார்.

எங்கள் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, மூஞ்சிதான் மறைத்துக்கொண்டதே. ஆனால் காளியின் தாடைக்குக் கீழே சாயம் கரைந்து, சிவப்புச் சொட்டு ஒன்று குழந்தையின் சட்டையில் விழுந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியாமல் வந்துவிட்டது, தூணைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். தெருவில் நின்றவர்கள் எனக்கு அருள் வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மாமனார் சுளகில் அரிசி கொண்டுவந்து காளியின் பானையில் தட்டினார். பிறகு மடியிலிருந்து எதையோ எடுத்து அரிசிக்கு மேலே வைத்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு இஞ்சி, மண் போகக் கழுவியது. தருமத்துக்கு இஞ்சி போடுகிற வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. அம்மன் கோயிலில் கொட்டி அளக்கும்போது பூசாரி முழித்தாராம்.

தசரா முடிந்து, கடலில் முழுகி, காப்பு அவிழ்த்தாகிவிட்டது. அப்பா மறுபடி அப்பா ஆகிவிட்டார். அதுதான் அடுத்த சங்கடம். பேர் திரும்பி வந்துவிட்டால் படியேறுவது எப்படி?

ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள் பகலில் வாசலில் வண்டி நின்றது. அப்பா இறங்கினார். சலவை வேட்டி, மேல்துண்டு, கையில் பலகாரக் கூடை, முகத்தில் காளி. தெருமுனையிலேயே மாட்டிக்கொண்டுவிட்டாராம். நேராக உள்ளே வந்து நார்க்கட்டிலில் உட்கார்ந்து பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மாமனாரும் ஒன்றும் தெரியாதவர்போல, "வா தாயே, முக்கூடல்ல மழ உண்டா?" என்றார். இரண்டு பேரும் மழை, நாற்று, வாய்க்கால் தண்ணீர் என்று ஒரு நாழிகை பேசினார்கள். காப்பு இல்லாமல் மூஞ்சி போட்டால் அது வேஷம்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்டுக் கெடுப்பானேன்? குழந்தை பயப்படாமல் இருக்கத்தான் இது என்று இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் காரணம் சொன்னார்கள்.

கார்த்திகையில் வந்தார். மார்கழியில் வந்தார். எங்கள் வீட்டுக்கு மாதம் ஒரு தடவை காளி வண்டியில் வருகிறாள் என்று தெருப் பிள்ளைகள் பாட்டுக் கட்டிப் பாடினார்கள்.

தை மாதம் அறுவடை நேரம். அன்று அப்பா வந்தபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். மூஞ்சியோடு கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தார். நல்ல வெயில். காகிதத்துக்குள்ளிருந்து மூச்சு வாங்குவது எனக்கே கேட்டது. மாமனார் விசிறியை எடுத்து எதிரே உட்கார்ந்து, தனக்கு வீசிக்கொள்கிற மாதிரி அவர் பக்கமாக வீசினார். கொஞ்ச நேரம் வீசிவிட்டு நிறுத்தினார்.

"பிள்ளதான் உறங்குதே. பொறவு யாருக்குவே அது?"

அப்பாவிடம் அவர் உரிமையோடு 'வே' போட்டுப் பேசி மூன்றரை வருடம் ஆயிற்று.

"கழத்தும்வே. மூஞ்சியப் பாக்கணும்."

அப்பா கையைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தார். மூஞ்சியை எடுத்து மடியில் கவிழ்த்து வைத்தார். நானும் கதவோரம் நின்று பார்த்தேன். வேர்த்துச் சிவந்த முகம். மூக்குக்குக் கீழே ஒன்றுமில்லை.

தசராவுக்கு மழித்த மீசை இத்தனை நாளில் வளர்ந்து முறுக்கேறியிருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாமனாருக்கோ மீசை போனதே தெரியாது. வாயைத் திறந்தபடி பார்த்தார்.

"மீச எங்கவே?"

"அது இருந்தா இது உக்கார மாட்டேங்கு" என்றார் அப்பா, மடியைக் காட்டி.

"அதுக்காவ? மாசாமாசமா எடுத்தீரு?"

"பிள்ளயப் பாக்கணும்லா."

ஊரே பார்த்துப் பயந்த மீசை அது. மாதம் தவறாமல் கதவைச் சாத்திக்கொண்டு கத்தியை எடுத்திருக்கிறார், இந்தப் படியை ஏறுவதற்காக.

சங்கடத்துக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று மாமனார் அந்த மூஞ்சியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் எழுத்து தெரிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "மேற்படி பிரதிவாதி தன்னுடைய பிழையை ஒப்புக்கொண்டு..." என்று வாய்விட்டுப் படித்து, "மேல காணலயே?" என்றார்.

"மேல கூழு அப்பிருக்கு" என்றார் அப்பா. "எம் மூக்குக்கு நேரா அதுதான். காப்புக் கட்டின நாள் மொதக்கொண்டு அதத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். பாடமாப் போச்சு."

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். அந்த ழகரத்தின் சுழியை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். கச்சேரியில் கழித்துப் போட்ட நகல், என் புருஷன் கையெழுத்து. மூன்று வருடம் வாய் திறக்காத மனிதர், காளியின் கன்னத்துக்குள்ளிருந்து இத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். சாயங்காலம் அவரிடம் காட்டியபோது, "இது தப்பான நகல், மேலதிகாரி பாத்தா வம்பு" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பிரதிவாதி நானும்தான்வே" என்றார். பிறகு எழுந்து நின்று, அப்பாவை அவருடைய சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த வீட்டுக்குள் நின்று யாரும் சொல்லக்கூடாத பேராக இருந்தது அது.

"போயி மீசைய வளத்தும்வே" என்றார்.

குழந்தை எழுந்து வந்து, மீசையும் இல்லாத, நாக்கும் இல்லாத இந்தப் புது ஆளைப் பார்த்து வீல் என்று கத்தினாள். அப்பா அவசரமாகக் காளி மூஞ்சிக்குக் கையை நீட்டினார். மாமனார் அதைக் கொடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு, "அழட்டும்வே, பழகிரும்" என்றார். உள்ளே திரும்பி, ராத்திரிக்குச் சொதி வைக்கச் சொல்லிவிட்டு, இஞ்சியை எடுத்துக்கொண்டு அம்மியடியில் தானே போய் உட்கார்ந்துகொண்டார்.